காட்டுக்கு ஒரு பாஸ் புத்தகம்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஞாயிறு மாலை வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்றும் வந்திருக்கிறார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஊருக்கு மேற்கே ஒரு புதர்க்காடு இருக்கிறது. வனத்துறைக் கணக்கில் உள்ள இடம். நாலு பேர் கையில் ஒரு கருவியோடு வந்து அதன் நாலு மூலையையும் நடந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டாராம். "இது சீரழிந்த காடு பெரியவரே, இங்கே மரம் வைப்போம், கம்பெனிக்காரர்கள் பணம் போடுவார்கள், அவர்களுக்குக் கிரெடிட் கிடைக்கும்" என்று அவர்களில் ஒருவர் சொன்னாராம். பெரியவர் என்னிடம் கேட்டது இதுதான்: "தம்பி, காடு ஊர் ஓரத்துக் காடு. குழி வெட்டப் போகிறது நம்ம ஆள். கிரெடிட் மட்டும் எப்படி அவனுக்குப் போகுது?"

அந்த இடத்தில் உண்மையில் என்ன திட்டம் என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் சொல்கிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி அந்த ஊரோடு முடிகிற கேள்வியல்ல. இன்று உலகம் முழுவதும், பெரிய பெரிய மாநாடுகளில் பேசப்படும் விஷயம் அது. ஆகவே இன்றைய வகுப்பை அதற்கே ஒதுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒரு முதலாளி சதுப்பு நிலத்தை மூடி அதன் மேல் ஆலை கட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சதுப்பு நிலத்தில் மீன் குஞ்சு பொரிக்கிறது, கொக்கும் நாரையும் வந்து இறங்குகின்றன, வெள்ளம் வந்தால் தண்ணீரை அது வாங்கிக்கொள்கிறது. மூடினால் இத்தனையும் போய்விடும். "மூடுவதானால் இதற்கு ஈடாக வேறோர் இடத்தில் இதே போன்ற ஒன்றை உண்டாக்கிக் கொடு" என்று சட்டம் சொல்கிறது. அமெரிக்காவில் 1972ஆம் வருஷத்துத் தூய நீர்ச் சட்டத்திலிருந்து இந்த வழக்கம் வளர்ந்தது. முதலில் ஆலைக்காரர்களே ஈடு செய்து கொடுக்கட்டும் என்று விட்டார்கள். அவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; ஆலையில் கக்கூஸ் கட்டிக்கொடுக்கச் சொன்னால் எப்படிக் கட்டிக்கொடுத்தார்களோ, அப்படித்தான். கண்காணிக்க ஆள் வருகிற அன்று தண்ணீர் நிற்கும், மறு வருஷம் குட்டையும் இருக்காது, கொக்கும் இருக்காது.

அதிலிருந்து பிறந்ததுதான் வங்கி யோசனை. நிலம் வைத்திருக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் முன்கூட்டியே ஒரு பெரிய சதுப்பு நிலத்தையோ காட்டையோ சீர்திருத்தி வைக்கிறார். சர்க்கார் அதிகாரி அதை அளந்து பார்த்து, "இதில் இத்தனை உயிர் பிழைத்திருக்கிறது, உனக்கு நூறு கிரெடிட்" என்று அவர் பெயரில் வரவு வைக்கிறார். ஆலைக்காரர் பத்து கிரெடிட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார். கணக்கில் பத்து கழிகிறது. அந்த நிலத்தை இனி வேறு எதற்கும் உபயோகிக்க முடியாதபடி பத்திரம் எழுதி, பராமரிப்புக்கு ஒரு தொகையும் ஒதுக்கி வைக்க வேண்டும். இதற்குப் பெயர் வாழிட வங்கி. 1995இல் கலிபோர்னியா மாகாணம் அழிந்துவரும் உயிரினங்களுக்கும் இம்மாதிரி வங்கிகளை ஏற்றுக்கொண்டது. 2008இல் அமெரிக்க மத்திய சர்க்கார், ஆலைக்காரரே செய்யும் ஈட்டைவிட வங்கியில் வாங்குவதே மேல் என்று விதியே எழுதியது.

இந்த யோசனையைக் கேட்டவுடன், முதலாளிகளின் சூழ்ச்சி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளிவிட நான் தயாராக இல்லை. தென்னமெரிக்காவில் கொலம்பியா என்று ஒரு தேசம் இருக்கிறது. உலகத்திலேயே பறவை இனங்கள் மிக அதிகமாக உள்ள தேசம் அது. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களும் சாலை போடுகிறவர்களும் அழித்த வாழிடத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்று அங்கே 2012இல் விரிவான விதிகளைக் கொண்டுவந்தார்கள். நடந்தது என்ன? ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வசதியான இடத்தில் இங்கே நாலு ஏக்கர், அங்கே மூன்று ஏக்கர் என்று கன்று நட்டது. இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றும், பிறகு காண்ட்ராக்டர் போய்விடுவார், மாடு மேய்ந்துவிடும். 2017இல் வாழிட வங்கிக்கென்று தனி விதி எழுதினார்கள். அதே வருஷத்தில் மேட்டா மாகாணத்தில், மாட்டுப் பண்ணைகளும் எண்ணெய்க் கிணறுகளும் நிறைந்த பிரதேசத்தில், சான் மார்ட்டின் என்ற ஊரில் முதல் வாழிட வங்கி தொடங்கியது. சுமார் 600 ஹெக்டேர். நம் கணக்கில் 1,500 ஏக்கர். நடத்துவது டெர்ராசோஸ் என்ற தனியார் கம்பெனி.

அதில் நாம் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. கன்று நட்டதற்குக் காசு இல்லை. காடு வளர்ந்ததற்குத்தான் காசு. ஒப்பந்தம் 30 வருஷத்துக்கு. பணம் தனியாகக் கட்டிவைக்கப்பட்டு, வேலையின் பலனைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவிக்கப்படுகிறது. சிதறிக் கிடந்த துண்டு துண்டான ஈடுகள் ஒரே இடத்தில் சேருகின்றன. விலங்குக்கு நாலு ஏக்கர் துண்டு எதற்கு உதவும்? தொடர்ந்தாற்போல் நிலம் வேண்டும். நட்டுவிட்டு ஓடும் காண்ட்ராக்டைவிட இது மேல் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு எந்த வெட்கமும் வேண்டாம்.

பிறகு 2022இல் அதே கம்பெனி ஆண்டியோகியா மாகாணத்தில் எல் குளோபோ என்ற மேகக்காட்டில் இன்னொன்றைத் தொடங்கியது. இங்கே விற்பது பல்லுயிர் கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் பத்துச் சதுர மீட்டர் காட்டை 30 வருஷம் காப்பாற்றுவது அல்லது சீர்திருத்துவது. பத்துச் சதுர மீட்டர் என்பது நம் ஆலைக் குவார்ட்டர்ஸில் ஓர் அறை. எதையும் அழிக்காதவன்கூட விருப்பப்பட்டு வாங்கலாம். அழித்ததற்கு இதை ஈடாகக் காட்டக் கூடாது என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டம் கழுத்தைப் பிடிக்காத இடத்தில் எத்தனை முதலாளிகள் தானாக முன்வந்து பையை அவிழ்ப்பார்கள்? விருப்பக் கிரெடிட் வியாபாரம் உலகத்தில் இன்னும் மிகச் சிறியது. பெரும் பணம் புரள்வதெல்லாம் சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில்தான்.

அப்படியானால் கோளாறு எங்கே? மில் தோழர்களுக்கு பி.எஃப். விஷயம் தெரியும். சம்பளத்தில் மாதா மாதம் பிடிக்கிறார்கள். சீட்டில் பிடித்ததாக அச்சடித்திருக்கிறது. ஆபீசில் போய்ப் பார்த்தால் கட்டவே இல்லை. நான் வேலை பார்த்த ஆலை மூடியபோது பதினோரு மாதத் தொகை அப்படிக் காணாமல் போயிருந்தது. சீட்டில் இருந்தது, கஜானாவில் இல்லை. காட்டு வங்கியிலும் நாம் பார்க்க வேண்டியது இதைத்தான். எடுப்பதற்கு முன் போட்டார்களா? எடுத்த அதே சரக்கைப் போட்டார்களா?

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைப் பாருங்கள். 2008லிருந்து அங்கே பல்லுயிர் வங்கி உண்டு. 2016ஆம் வருஷச் சட்டத்தின்படி திட்டத்தைப் பெரிதாக்கினார்கள். வீடு கட்டுகிறவரும் சுரங்கக்காரரும் தாங்கள் அழிக்கும் வகைக்குத் தக்க கிரெடிட் வாங்க வேண்டும். கிரெடிட் சந்தையில் கிடைக்காவிட்டால்? சர்க்கார் நிதியில் பணத்தைக் கட்டிவிட்டுப் புல்டோசரை ஓட்டலாம். கிரெடிட்டைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு நிதிக்குப் போய்விடும். 2022 ஆகஸ்டில் அந்த மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளரே அறிக்கை கொடுத்தார்: திட்டம் சரியாக வகுக்கப்படவில்லை, தேவைக்கு ஏற்பக் கிரெடிட் கிடைக்கவில்லை, கட்டிய பணத்துக்கு ஈடான காடு கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மரம் அன்றே விழுந்துவிட்டது, ஈடு மட்டும் வரிசையில் நிற்கிறது. 2024இல் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய கட்டடம் எழுப்புகிறவர் அழிப்பதைவிட 10 சதவீதம் கூடுதலாக வாழிடம் உண்டாக்கிக் காட்ட வேண்டும், 30 வருஷம் பாதுகாக்கவும் வேண்டும். சொந்த இடத்தில் முடியாவிட்டால் வெளியே வாங்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் கடைசி வழியாக சர்க்காரே கிரெடிட் விற்கும். ஆரம்பத்தில் குறித்த விலை, வகையைப் பொறுத்து ஒன்றுக்கு 42,000 பவுன் முதல் 6,50,000 பவுன் வரை. ஒன்று இழந்தால் இரண்டு வாங்க வேண்டும். வேண்டுமென்றே ஏற்றி வைத்த விலை இது. ஓடி வந்து வாங்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். விலை மலிவானால் அழிப்பதும் மலிவாகிவிடும் என்பதை அந்த தேசத்து அதிகாரிகளே ஒத்துக்கொண்டதற்கு இது அத்தாட்சி.

இப்போது நம் தேசத்துக்கு வருவோம். வாழிட வங்கி என்ற பெயர் இங்கே சட்டத்தில் இல்லை. ஆனால் காட்டுக்குப் பணம் கட்டும் வழக்கம் பழையது. அதன் வேர் நம் நீலகிரியில்தான் இருக்கிறது. கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995இல் நிலம்பூர் கோவிலகக் குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி தீர்ப்பாயிற்று. காடு என்றால் என்ன என்பதற்கே அகராதிப்படி அர்த்தம் சொன்ன தீர்ப்பு. அந்த வழக்கின் கிளையாகத்தான், காட்டை வேறு காரியத்துக்கு எடுப்பவர் மாற்றுக்காடு வளர்க்கப் பணமும், அதற்கு மேல் காட்டின் மதிப்புக்கு ஒரு தொகையும் கட்ட வேண்டும் என்பது வந்தது. 2008இல் நீதிமன்றம் அந்த மதிப்பை ஹெக்டேருக்கு ரூ.4.38 லட்சம் முதல் ரூ.10.43 லட்சம் வரை என்று நிர்ணயித்தது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் டவுன் பக்கத்தில் ஒரு சென்ட் மனை என்ன விலைக்குப் போகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பணம் வந்தது. காடு வந்ததா? 2013இல் மத்தியத் தணிக்கை அதிகாரி பாராளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையைப் படிக்கிறேன். 2006 முதல் 2012 வரை காட்டுக்கு ஈடாக வர வேண்டிய காடல்லாத நிலம் 1,03,382 ஹெக்டேர். வந்து சேர்ந்தது 28,086 ஹெக்டேர். அதில் மரம் நட்டது சுமார் 7,281 ஹெக்டேர். வர வேண்டியதில் ஏழு சதவீதம்! நூறு மூட்டை கடன் வாங்கியவன் ஏழு மூட்டை திருப்பிக் கொடுத்தால் நம்மூர் மளிகைக் கடைக்காரர் விடுவாரா? இவ்வளவு காலமும் பணம் வங்கியில் வட்டி சேர்த்துக்கொண்டு கிடந்தது. 2016இல் மாற்றுக் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் வந்தது. 2019 ஆகஸ்டில் ரூ.47,436 கோடியை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டம் மாநிலங்களவைக்கு வந்தபோது, எங்கே மரம் நடுவது என்பதற்குக் கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதுங்கள் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். விதிகளில் பார்த்துக்கொள்கிறோம் என்று அமைச்சர் சொல்லிவிட்டார். 2006ஆம் வருஷ வன உரிமைச் சட்டம் காட்டோரத்து ஜனங்களுக்குக் கொடுத்த உரிமை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைச் சட்டத்தில் எழுத மட்டும் கை வரவில்லை.

அதே சரக்கா என்ற கேள்விக்கு மாகாரிய உதாரணம் ஒன்று சொல்கிறேன். பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் கட்ட 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் மழைக்காட்டை எடுக்க 2022இல் சர்க்கார் கொள்கையளவில் அனுமதி கொடுத்தது. பெரிய தோணி போன்ற கடலாமை முட்டையிட வரும் கடற்கரை அங்கே இருக்கிறது. ஷொம்பென் என்ற ஆதிகுடிகள் அங்கே வாழ்கிறார்கள். ஈடாக மரம் வைக்கக் குறித்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? ஹரியானா! தஞ்சாவூர் நஞ்சையை எடுத்துக்கொண்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் கரட்டு நிலத்தைக் கொடுத்து, ஏக்கருக்கு ஏக்கர் சரியாகிவிட்டது என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஆமை ஹரியானாவுக்கு நடந்து போகுமா?

இனி பெரியவரின் புதர்க்காட்டுக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் மத்திய சர்க்கார் பசுமைக் கிரெடிட் விதிகளை வெளியிட்டது. வனத்துறையின் கையில் உள்ள சீரழிந்த நிலத்தில் பணம் போட்டு மரம் வளர்த்தால் கிரெடிட். 2024 பிப்ரவரி விதிப்படி ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம், மரத்துக்கு ஒரு கிரெடிட். மாற்றுக் காட்டுக் கடமைக்கும் இந்தக் கிரெடிட்டைக் காட்டலாம் என்றும் சொன்னார்கள். நட்டவுடன் கிரெடிட்டா என்று பலரும் கண்டித்தார்கள். 2025 ஆகஸ்டில் விதியை மாற்றி, ஐந்து வருஷம் ஆன பிறகு, மரக்கிளைகள் நிலத்தில் 40 சதவீதமாவது மூடியிருந்தால்தான் என்றார்கள். கொஞ்சம் திருந்தியிருக்கிறது. ஆனால் மூல வியாதி அப்படியே இருக்கிறது. சீரழிந்த நிலம் என்று கணக்கில் எழுதப்படுவதில் திறந்த காடும் புதர்க்காடும் சேர்ந்தே வருகின்றன.

யார் பார்வையில் சீரழிந்தது? வெள்ளைக்காரன் நாளில், வரி வராத நிலத்தையெல்லாம் தரிசு, பாழ் என்று எழுதினான். அந்தக் கணக்குப் பிள்ளையின் பேனா இன்னும் ஓயவில்லை. பெரியவரின் புதர்க்காட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். விரல் மடக்கிச் சொன்னார்: ஆவாரை, காரை, சூரை, கள்ளி, வெள்வேல், கௌதாரி, முயல், உடும்பு, நரி, மழைக்குப் பின் முளைக்கும் புல் மட்டும் ஏழு தினுசு. இதில் 1,100 மரத்தை நெருக்கி வைத்தால் புல்லும் கௌதாரியும் எங்கே போகும்? மரம் நடுவதெல்லாம் உயிரைக் காப்பது ஆகிவிடாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் இதைப் பார்த்தாகிவிட்டது. சோலையை ஒட்டிய புல்வெளியைப் பாழ் என்று எழுதி, தோல் பதனிடப் பட்டை வேண்டும், விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று சீகையும் தைல மரமும் நட்டார்கள். வரையாடு மேயும் புல் அழிந்தது. இப்போது அதே சீகையைப் பிடுங்கியெடுக்க சர்க்கார் பணம் செலவழிக்கிறது. நட்டதற்கும் கூலி, பிடுங்கியதற்கும் கூலி. புல் இன்னும் முழுசாக வரவில்லை.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காடு காக்கப் பணம் வேண்டும், நிறைய வேண்டும். 2022 டிசம்பரில் மான்ட்ரியால் மாநாட்டில் உலக தேசங்கள் கூடி, 2030க்குள் வருஷத்துக்கு 20,000 கோடி டாலர் திரட்டுவது என்று தீர்மானித்தன. அதில் பணக்கார தேசங்கள் ஏழை தேசங்களுக்குக் கொடுக்க வேண்டியது 2025க்குள் வருஷத்துக்கு 2,000 கோடி, 2030க்குள் 3,000 கோடி. பணம் திரட்டும் வழிகளில் பல்லுயிர் கிரெடிட்டையும் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்கள். அதே தீர்மானத்தில் இன்னொரு ஷரத்து இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை. இயற்கையை அழிக்கும் தொழில்களுக்கு சர்க்கார்கள் கொடுக்கும் மானியத்தில் வருஷத்துக்கு 50,000 கோடி டாலரைக் குறைக்க வேண்டும் என்பது அது. காப்பதற்குத் திரட்டச் சொன்னதைப்போல் இரண்டரை மடங்கு! ஒரு கையால் அழிப்பவனுக்குக் கொடுத்துக்கொண்டே, மறு கையில் உண்டியலை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள்.

கூலி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் வகுப்புக்கு வரும் அம்மா ஒருவர் ஒரு காண்ட்ராக்டரிடம் நாற்றுப்பை நிரப்பும் வேலைக்குப் போனார். மூன்று மாதம் வேலை. கூலி கைக்கு வந்தது ஏழாவது மாதம். அவர் நட்ட கன்று பிழைத்ததா என்று பார்க்கப் பிறகு ஆளே இல்லை. பார்க்கிற வேலைக்குச் சம்பளம் ஒதுக்கவில்லை. கிரெடிட் 30 வருஷத்துக்கு, கூலியாள் மூன்று மாதத்துக்கு! தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவரும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரும் காவல் கிடக்கிறவரும் அந்த 30 வருஷத்துக்கும் மஸ்டர் ரோலில் இருக்கிறார்களா என்று, எந்தத் திட்டக்காரர் வந்தாலும் முதலில் கேளுங்கள். இருக்கிறார்கள் என்றால் காடு வளரும்.

பெரியவரே, உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். அளந்து எழுதுகிறவன் கையில்தான் கிரெடிட் போகிறது. உங்கள் காட்டில் என்ன இருக்கிறது என்று நாம் எழுதி வைக்கவில்லை. அவர்கள் 'சீரழிந்தது' என்று எழுதிவிட்டார்கள். 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தில் நமக்கு ஓர் ஆயுதம் இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும். ஊரில் உள்ள செடி, கொடி, மிருகம், பறவை, வைத்திய அறிவு எல்லாவற்றையும் ஜனங்களைக் கேட்டு ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று பெயர். பல ஊர்களில் இந்தப் பதிவேட்டை யாரோ ஆபீசில் உட்கார்ந்து, பக்கத்து ஊர் நகலைப் பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். உங்கள் ஊராட்சியில் அது இருக்கிறதா, அதில் அந்த ஏழு தினுசுப் புல்லும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எழுத வேண்டும். கிராம சபையில் வைத்து நிறைவேற்ற வேண்டும். அதைக் காட்டித்தான் அந்த நாலு பேரிடம் நாம் பேச முடியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்தப் புதர்க்காட்டு ஓரம் கூடுவோம். ஷிப்டு முடிந்து வரும் மில் தோழர்கள் நேரே வந்துவிடலாம். டீக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. பெரியவர் முன்னால் நடப்பார். எழுத்துக் கை நன்றாக உள்ள இரண்டு பேர் நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள். அவர் சொல்கிற பெயரை அவர் சொல்கிறபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது.